ஏட்டையா வீட்டு வெண்டைப் பிஞ்சு

என் மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் எல்லோருக்கும் அவர் ஏட்டையா. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அவர் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றைச் சுற்றி முப்பது சென்ட் நிலம். அதில் கத்தரி, வெண்டை, சீனி அவரை, மிளகாய் என்று பாத்தி கட்டி, புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் போட்டு, மாட்டுத் தொழுவத்துக் கூரையில் தடியங்காய் என்னும் வெள்ளைப் பூசணிக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார். நல்ல மண். வாய்க்காலில் சிற்றாற்றுத் தண்ணீர் வந்தது. ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் எங்கள் கிணற்றடி வரை வந்து தெளித்துவிட்டுப் போகும். எதை ஊன்றினாலும் முளைக்கிற இடம்.

காலை ஆறு மணிக்கு அவர் காக்கி அரைக்கால் சட்டையும் அதன்மேல் பழைய தோல் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, லத்தியோடு பின்வாசலில் இறங்குவார். ஒவ்வொரு வரிசைக்கும் தலைமாட்டில் ஓட்டுச் சில்லில் சுண்ணாம்பால் எண் எழுதி நட்டிருந்தார். எந்த வரிசையில் எந்தச் செடியில் எத்தனை பூ, எத்தனை பிஞ்சு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. சாய்ந்து நிற்கும் கத்தரிச் செடியை லத்தி நுனியால் நிமிர்த்தி, "ஒழுங்கா நில்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போவார். முதல் தடவை அதைக் கேட்டபோது தோட்டத்துக்குள் யாரோ ஆள் நிற்கிறார்கள் என்று நினைத்து நான் சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் உத்தரவில்லாமல் ஒரு காயையும் யாரும் பறிக்கக்கூடாது. உத்தரவும் லேசில் வராது. காய் முழு வளர்ச்சி அடைய வேண்டும் என்பது அவர் கொள்கை. போலீஸில் ஆள் எடுக்கும்போது உயரமும் மார்பளவும் பார்ப்பார்களாம். காய்க்கும் அந்தச் சட்டம் உண்டு என்று நினைத்தாரோ என்னவோ. புடலங்காய் தரையைத் தொட்ட பிறகுதான் வெட்டுவார். கத்தரிக்காய் மஞ்சள் பூத்து உள்ளே முழுக்க விதையாகிவிட வேண்டும். வெண்டைக்காய் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும்போது, "இப்பம் சரி" என்று அத்தையைக் கூப்பிடுவார்.

என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். சமையலில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் கயிற்றை வைத்துக்கொண்டு யார் என்ன சமைத்துவிட முடியும்? புளிவிட்டு வேகவைத்துப் பார்ப்பாள். தேங்காய் அரைத்து ஊற்றிப் பார்ப்பாள். மோரில் போட்டுப் பார்ப்பாள். சாப்பிட்டு முடித்தால் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் மென்று துப்பிய நார் குவிந்திருக்கும். என் வீட்டுக்காரர் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். ஒருநாள் அவர் அந்த நாரில் இரண்டு இழையை எடுத்துத் திரித்துப் பார்த்துவிட்டு, "கட்டிலுக்கு ஆகும் போலிருக்கு" என்றார். அதையும் அவர் அப்பா கை கழுவப் போன பிறகுதான் சொன்னார்.

நான் திருவேங்கடத்துப் பக்கத்துக்காரி. கரிசல் காடு. எங்கள் ஊரில் பச்சைக் காய் என்பது மழை பெய்த வருஷத்தில் இரண்டு மாதம் வந்து தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி. மற்ற நாளெல்லாம் வத்தல்தான். கத்தரி வத்தல், சீனி அவரை வத்தல், சுண்டை வத்தல், மிதுக்கம் வத்தல். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து நாலு பக்கமும் பச்சையாகத் தொங்குகிற தோட்டத்தில் விட்டு, எதையும் தொடாதே என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் ஒன்றரை வருஷம் தொடாமல்தான் இருந்தேன்.

அந்த ஆனி மாதம் ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். எழுந்ததிலிருந்தே வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பினால் கண்ணுக்கு நேரே ஒரு வெண்டைப் பிஞ்சு. சுண்டுவிரல் அளவு. நுனியில் ஒரு சாரல் துளி தொங்கிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவில்லை. இடது கை தானாகப் போய் அதைக் கிள்ளி வாயில் போட்டது. நறுக்கென்று கடிபட்டது. லேசாக வழவழத்தது. வயிற்றுப் புரட்டல் அந்த நிமிஷமே நின்றுபோனது. இன்னொன்றையும் கிள்ளினேன்.

மறுநாள் முந்தானை முனையில் இரண்டு உப்புக்கல்லை முடிந்துகொண்டு போனேன்.

மூன்று நாள் தன் கணக்கையே சந்தேகப்பட்டாரோ என்னவோ, நாலாம் நாள் காலையில்தான் தோட்டத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த விசிலை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் திரிவார். வீட்டில் இருந்த மூன்று பேரும் ஓடினோம். அவர் நாலாவது வரிசையில், ஏழாவது செடிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"நேத்தைக்கு சாயங்காலம் இதுல மூணு பிஞ்சு. இப்பம் ஒண்ணு" என்றார். "களவு போயிருக்கு."

"உதிர்ந்திருக்கும்" என்றாள் அத்தை.

"உதிந்தா கீழ கிடக்கணும். கிடக்கா?"

கீழே கிடக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எம்மா, நீ எத்தனாங் கிளாஸ் படிச்சிருக்க?"

"அஞ்சு, மாமா."

"போயி என் பெட்டியில ஒரு நோட்டு இருக்கும், எடுத்துட்டு வா. பென்சிலும் எடு. இன்னையிலேருந்து நீதான் ரைட்டர்."

அவருடைய மூக்குக் கண்ணாடி நாலு மாதத்துக்கு முன் கிணற்றில் விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் தூரத்துப் பொருள் தெரியும், பக்கத்து எழுத்து தெரியாது. ஸ்டேஷன் என்று இருந்தால் எழுதுவதற்கு ரைட்டர் வேண்டும். ஆக, திருடியவளே உட்கார்ந்து திருட்டை எழுத வேண்டியதாயிற்று. வெண்டைப் பாத்தி ஓரத்தில் ஒரு மணையைப் போட்டு என்னை உட்காரவைத்தார்; அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மேற்படி தோட்டத்தில், மேற்படி நாலாவது வரிசையில், மேற்படி ஏழாவது செடியில், மேற்படி பிஞ்சு ரெண்டு, இன்னார் என்று தெரியாத ஆசாமியால்..." என்று போயிற்று அது. ஆசாமி என்பதை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினேன். அவர் குனிந்து காம்பைக் கூர்ந்து பார்த்தார். எட்ட நின்று பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"நகம் இடது பக்கம் பதிஞ்சிருக்கு. எழுது. திருடன் இடக்கைப் பழக்கம் உள்ளவன்."

எழுதினேன். குடத்தை வலது இடுப்பில் வைப்பது என் பழக்கம். அதனால் சும்மா இருக்கும் கை இடது கை. மறுநாளிலிருந்து குடத்தை இடது இடுப்புக்கு மாற்றி வலது கையால் கிள்ளினேன். ஒரு நாளாவது கிள்ளாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். விடிந்தால் அந்த நறுக்கென்ற சத்தம் காதில் கேட்கும், கால் நடந்துவிடும்.

மாமா புதுக் காம்பைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"இப்பம் வலது பக்கம் பதிஞ்சிருக்கு. ரெண்டு பேரு வாரானுவ. எழுது, கூட்டுக் களவு."

முதலில் சந்தேகம் அடுத்த வீட்டு ஆட்டின் மேல் விழுந்தது. அடுத்த வீட்டு அண்ணாச்சி எண்ணெய்க் கடை வைத்திருந்தவர், சாது. ஆட்டைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா அதன் வாயைப் பிளந்து மோந்து பார்த்தார். ஆடு அவர் பெல்ட்டை மோந்து பார்த்தது.

"ஏட்டையா, ஆடு காம்ப வச்சிட்டு காய மட்டுமா திங்கும்? செடியோடல்ல தின்னுட்டுப் போவும்" என்றார் அண்ணாச்சி.

மாமா யோசித்தார். "நியாயந்தான். சந்தேகத்தின் பலன ஆட்டுக்குக் குடுக்கேன். கூட்டிட்டுப் போவும்."

அதையும் எழுதினேன்.

அடுத்த சந்தேகம் குற்றாலத்துக் குரங்குகள். சீசன் சமயத்தில் வெளியூர்க் கூட்டம் வந்து குவிவதால் குரங்குகளுக்கு இருப்புக் கொள்ளாமல் சில மேலகரம் வரை நடந்து வருவதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். வெண்டைக்காய் தின்னும் குரங்கு உண்டா என்பது தெரிந்தாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அருவிக்குக் குளிக்கப் போவதாக இருந்தோம். மாமா ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் பன்னிரண்டு வெண்டைக்காயை அடுக்கி எடுத்துக்கொண்டார். வழக்கம்போல் முழு வளர்ச்சி அடைந்தவை.

குளித்து, தலை துவட்டி, ஈரச் சேலையோடு அத்தையும் நானும் மர நிழலில் நின்றோம். என் வீட்டுக்காரர் தெரியாதவர் போலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மாமா ஒரு பாறைமேல் பன்னிரண்டு காயையும் வரிசையாக வைத்துவிட்டுப் பத்தடி பின்வாங்கினார். என் கையில் நோட்டு. ஒரு தாட்டியான ஆண் குரங்கு வந்து உட்கார்ந்தது. ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடித்தது. நார் பல்லில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்து எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைக் கடித்தது. பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு மூன்றாவது காயை எடுத்து மாமாவைக் குறிபார்த்து எறிந்தது. அது அவர் நெஞ்சில், விசிலின் மேல் பட்டு விழுந்தது. மற்றக் குரங்குகளும் வந்து ஆளுக்கொன்றைக் கடித்துப் பார்த்து அருவிப் பக்கம் வீசிவிட்டுப் போயின. குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், "எவம்லே வெண்டிக்காய எறியது?" என்று கத்தினார்.

அத்தை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முதுகு குலுங்கியது.

"என்ன எழுத, மாமா?" என்று கேட்டேன்.

அவர் நெஞ்சைத் துடைத்துக்கொண்டார். "குரங்குகள் பேரில் குற்றமில்லை" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "அதுகளுக்கு நல்ல காயி பாத்துப் பழக்கமில்ல" என்றார்.

ஆசாமி மனுஷன்தான் என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் அடுப்புச் சாம்பலைச் சலித்து வெண்டைப் பாத்தியைச் சுற்றித் தூவியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. ரைட்டரிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை மேக மூடாப்பாக இருந்தது. நான் போனேன், கிள்ளினேன், உப்பைத் தொட்டுத் தின்றேன், வந்தேன். தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதுதான் பாதத்தில் சாம்பல் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அவசரமாகக் கழுவினேன். விசில் கேட்டது.

ஒரே ஒரு வலது கால் தடம். முழுசாகப் பதிந்திருந்தது. சாரலில் கரைந்துவிடக்கூடாது என்று அவர் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, பக்கத்தில் லத்தியோடு பாரா நின்றார். பிறகு ஈர்க்குச்சியால் நீளத்தை அளந்து ஒடித்துக்கொண்டார். அடுத்த வீட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காலை நீட்டச் சொன்னார். ஈர்க்குச்சிக்கு வெளியே அண்ணாச்சியின் கால் மூன்று விரற்கடை நீண்டது.

"நான் போலாமா ஏட்டையா? கடை திறக்கணும்."

"போவும். ஊர விட்டுப் போவாதியும்."

என் வீட்டுக்காரருக்கும் அளந்தார். அதுவும் சேரவில்லை. அப்புறம் மறுபடி கூடையைத் தூக்கி, இரண்டடி பின்னால் நின்று தடத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ரெண்டாம் விரல்ல ஒரு வளையம் பதிஞ்சிருக்கு. மெட்டி."

நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். மெட்டி போட்ட கால்கள் அந்த வீட்டில் நாலுதான். அதில் இரண்டு ரைட்டருடையவை. ரைட்டரைச் சந்தேகப்படுவது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் அடுக்களையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏட்டி, இங்கன வா. வலது கால நீட்டு."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஈர்க்குச்சியைப் பார்த்தாள். தடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

"அம்மியில கால வச்ச அன்னைக்கு என் காலப் பாத்தது. அதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் பாக்கிய" என்றாள். "அளக்க வேண்டாம். நான்தான் பறிச்சேன்."

மாமா கையிலிருந்த ஈர்க்குச்சி கீழே விழுந்தது.

"நீயா?"

"நான்தான். உங்க முத்தலத் தின்னு கடைவாய்ப் பல்லு ரெண்டும் ஆடுது. பிஞ்சு திங்கணும்னு ஆசை வந்துச்சு. தின்னேன்."

"இடக்கையன் ஒருத்தன், வலக்கையன் ஒருத்தன்னு..."

"எனக்கு ரெண்டு கையும் இருக்குல்லா?"

சொந்த வீட்டம்மா என்பதற்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்று முடிவுசெய்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. பதினைந்து நாள் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அத்தை என் காலைத் தன் காலால் மிதித்தாள். மெட்டி அழுந்த மிதித்தாள்.

அடுக்களைக்குள் போனதும் நான் அழுதுவிட்டேன். "அத்தை, நீங்க ஏன்..."

"பேசாம இரு. பதினஞ்சு நா அந்தத் தோட்டத்துப் பக்கம் போவாண்டாம். அதுக்கு நான் கும்புடாத சாமி இல்ல." அரிவாள்மணையை எடுத்துச் சுவரில் சாத்தினாள். "உப்புப் பானையில கல்லு குறையுதது எனக்குத் தெரியாதாக்கும்? மொத நாளே தெரியும்."

தண்டனையை அவள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாள். தோட்டத்துக்குள் போகக்கூடாதவள் தோட்டத்துக் காயை மட்டும் எப்படித் தொடலாம் என்று கேட்டுவிட்டு, காய் சமைப்பதையே நிறுத்திவிட்டாள். முதல் நாள் பருப்பும் துவையலும். இரண்டாம் நாள் துவையலும் ரசமும். மூன்றாம் நாள் ரசமும் ரசமும். மாமா தினமும் ஒரு கூடை காயைப் பின்வாசல் படியில் கொண்டுவந்து வைப்பார். அது அங்கேயே இருக்கும். அடுத்த வீட்டு ஆடு வந்து சுகமாகத் தின்றுவிட்டுப் போகும்.

நாலாம் நாள் மாமா தானே சமைப்பதாக அறிவித்தார். டியூட்டியில் இருந்தபோது மலையடிவாரத்துக் காவலில் எல்லோருக்கும் தான்தான் பொங்கிப் போட்டதாகச் சொன்னார். கிணற்றடியில் மூன்று செங்கல்லைக் கூட்டினார். என்னை ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டார், ஆனால் எதையும் சொல்ல விடவில்லை. வெண்டைக்காயை முதலில் நறுக்கினார். பிறகு கழுவினார். கழுவியதும் அது கொழகொழவென்று கையில் ஒட்டியது. இன்னும் அழுக்கு போகவில்லை என்று நினைத்து மறுபடி கழுவினார். பிறகு பானை நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி மூடிவைத்தார். மூடியைத் திறந்து அகப்பையால் மொண்டபோது குழம்பு பானையிலிருந்து அகப்பை வரைக்கும், அகப்பையிலிருந்து இலை வரைக்கும் அறாமல் வந்தது.

எல்லோரும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் விரலை இலையிலிருந்து எடுத்தார். இலையும் கூடவே கொஞ்சம் எழுந்தது.

"அப்பா, இதுல கொஞ்சம் ஸ்டேஷனுக்குக் கொண்டு போறேன்" என்றார் மரியாதையாக. "பார்சல்ல லேபிள் ஒட்டப் பசை இல்ல."

மாமா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த கவளத்தை விழுங்கிவிட்டார். நான் ஒரு வாய் வைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து ஓடினேன். கிணற்றடியில் குனிந்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அத்தை பின்னாலேயே வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா வாசற்படியில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் சமையலாலயா?" என்று கேட்டார்.

"உங்க சமையலுக்கு வாந்தி எடுக்கணும்னா நாங்க எல்லாருமில்ல எடுக்கணும்?" என்றாள் அத்தை. "இவ மட்டும் எடுக்கான்னா அது வேற சங்கதி. நாப்பது நாளுக்கு மேல ஆச்சு இவ தலைக்கு ஊத்தி. எனக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒண்ணு நடக்குமா?"

என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு நின்று என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் கிணற்றை எட்டிப் பார்த்தார். எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்ததுதான். ஆனால் யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது எல்லாம் சேர்ந்து அழுகை வந்தது. அந்த அழுகையோடு அழுகையாக, "மாமா, பிஞ்சத் தின்னது நான்தான், அத்தை இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

மாமா நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். எடுத்துக்கொடுத்தேன். கையை எட்ட நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். இடக்கை, வலக்கை, ஆடு, குரங்கு, கால் தடம் எல்லாம் படித்தார். முடித்துவிட்டு நோட்டை மூடினார்.

"நான் சொன்னதுல ஒரு எழுத்து விடல, ஒரு எழுத்து கூட்டல" என்றார். "தன் மேலயே கேசு எழுதியிருக்கு பிள்ள. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரைட்டரப் பாத்ததில்ல."

பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். திரும்பி வரும்போது துண்டு நிறைய வெண்டைப் பிஞ்சு. நாலாவது வரிசையில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வெண்கலக் கிண்ணத்தில் பிஞ்சும் பக்கத்தில் உப்பும் வைத்து, அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை நிற்பார். ஆனால் அந்தக் கிணற்றடி வாந்தியோடு என் வெண்டைக்காய் ஆசை போயே போய்விட்டது. பார்த்தாலே குமட்டியது. மாமனார் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஐந்து நாள் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். ஆறாம் நாள் அத்தையிடம் சொன்னேன். அவள், "பின்ன என்னட்டி வேணும் உனக்கு?" என்று கேட்டாள்.

"வத்தல்" என்றேன். "எங்க ஊர் மாதிரி, மோர்ல ஊறவச்ச வெண்டை வத்தல்."

அத்தை தலையில் கை வைத்தாள். சாரல் காலத்தில் மேலகரத்தில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது. வத்தலுக்கு வெயிலுக்கு எங்கே போவது? ஆனால் மாமாவின் காதில் விழுந்துவிட்டது. அன்றே இரண்டு பனையோலைக் கடகம் நிறையப் பிஞ்சைப் பறித்து, அத்தையை மோரில் ஊறவைக்கச் சொல்லி, மறுநாள் காலை ரயிலில் ஏறிவிட்டார். சங்கரன்கோவிலில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, எங்கள் அப்பா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

நடந்ததை என் அம்மா பிற்பாடு சொல்லித்தான் கேட்டேன். முன்னறிவிப்பு இல்லாமல், காக்கி அரைக்கால் சட்டையில், லத்தியோடு சம்பந்தி வந்து நின்றதும், மகள் என்னமோ செய்துவிட்டாள், திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று அப்பா நினைத்துவிட்டார். வண்டியில் பெண் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே இரண்டு கடகம்தான் இருந்தது.

"உங்க ஊரு வெயிலு நாலு நாளைக்கு வேணும்" என்றாராம் மாமா.

நாலு நாளும் எங்கள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, வெண்டையை வரிசையாகப் பரப்பி, காக்கைக்குப் பாரா இருந்திருக்கிறார். நிழலுக்கு வரச் சொன்னால் டியூட்டி நேரம் என்று மறுத்துவிடுவாராம். ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் எங்கள் அப்பாவும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு பாயின் அந்தக் கோடியில் நின்றாராம். சம்பந்தி வெயிலில் நிற்கும்போது தான் மட்டும் உள்ளே படுத்திருப்பது மரியாதையாக இல்லை என்றாராம்.

மாமா திரும்பி வந்தபோது மூக்குத் தோல் உரிந்து, ஆள் கறுத்துப்போயிருந்தார். இரண்டு கடகம் போனது, ஒரு சின்ன ஓலைப்பெட்டி வந்தது. அத்தை நல்லெண்ணெயில் பொரித்து மோர்ச்சோற்றுக்குப் போட்டாள். மொறுமொறுவென்று இருந்தது. எல்லோரும் தின்றோம். மாமா மூன்று தின்றுவிட்டு, பிஞ்சில் இப்படி ஒரு ருசி இருப்பது தனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மாசியில் எனக்கு மகள் பிறந்தாள். அடுத்த சீசனில் காய் பறிக்கும் அதிகாரத்தை மாமா அத்தைக்கு எழுதிக் கொடுத்தார். நான்தான் எழுதினேன். அதிகாரம் கைக்கு வந்ததும் அத்தை ஒரு காயையும் முத்த விடாமல் பறித்துத் தள்ளினாள். பொரியலும் பச்சடியும் தீயலுமாக அந்தச் சீசன் போயிற்று. ஒன்றை மட்டும் இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். விதைக்கு ஒரு காய்கூட விடவில்லை.

மாமா தென்காசிச் சந்தைக்குப் போய் வெண்டை விதை வாங்கிவந்தார். விதை கொஞ்சம் சிறிதாக இருக்கிறதே என்று அத்தை கேட்டதற்கு, அது புது ரகம் என்று கடைக்காரன் சொன்னதாகச் சொன்னார். ஊன்றினார், எண் போட்டார், தினமும் காலையில் பார்வையிட்டார். செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. இலை வளர்ந்தது, தண்டு சிவந்தது, காயைத்தான் காணோம். நாற்பது நாள் கழித்து அத்தை ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"புளிச்சக்கீரை" என்றாள்.

அன்று அதைத் துவையல் அரைத்தோம். நன்றாகவே இருந்தது.